யமுனா பேரில் இருந்த ஃபிரிட்ஜ்

“உங்க பொண்ணு ஒளிஞ்சு ஒளிஞ்சு ஜாங்கிரி தின்னுறாளாமே! குறட்டை வேற!” என்று மாப்பிள்ளையின் அம்மா விசாலம் போட்ட சத்தம், பக்கத்து ஃப்ளாட்டிலிருந்த என் காதில் தானாக விழுந்தது. நான் அவர்கள் வீட்டுக் கதவோரம் நின்றது வேறு விஷயம்.

இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள், அந்த வீட்டு ஃபிரிட்ஜும் கட்டிலும் சேர்த்துவைத்த தகவலைக் கம்பெனியிடம் விலைக்கு வாங்கிப் படித்துவிட்டுத்தான் பஜ்ஜியில் கை வைக்கிறார்கள்.

யமுனாவுக்கு மாப்பிள்ளை பரிதியைப் பிடித்துப்போயிருந்தது. அதனால் அவள் விடவில்லை. “ஜாங்கிரியும் குறட்டையும் எங்க அப்பாவோடது, ஆன்ட்டி. இந்த வீட்டுல பாஸ்வேர்டு போடத் தெரிஞ்சவ நான் மட்டும்தான். அதனால எல்லாச் சாமானும் என் பேர்ல இருக்கு.”

சர்க்கரை வியாதிக்காரரான அப்பா பஜ்ஜித் தட்டையே உற்றுப் பார்த்தார். அம்மா அவரை உற்றுப் பார்த்தாள்.

“அப்போ உன்னைப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?” விசாலத்துக்குக் குரலே இறங்கிவிட்டது.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!”

“நான் கேட்கிறேன்” என்று பரிதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

விஷயம் என் வாய்வழியாகப் பரவ, மறுவாரமே எங்கள் குடியிருப்பு ஃபிரிட்ஜுகள் எல்லாம் யமுனா பேருக்கு மாறின. அவள் ஒருத்தியே அண்டா அண்டாவாகப் பால் குடிப்பதாகக் கம்பெனிக்காரன் எழுதிவைத்திருப்பான். எங்களைப் பற்றி அவனுக்கு இனி ஒன்றும் தெரியாது.

யமுனாவும் பரிதியும் ஆவணியில் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குக் குடிபோய்விட்டார்கள். அவள் பேர் மட்டும் இங்கேயே இருக்கிறது. பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் இப்போது பழையபடி என் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார்கள்.