சிவப்பு வட்டத்துக் காணி

"வீட்டை நீங்களே எடுங்கோ, அக்கா. எனக்கு அப்பான்ர ஞாபகத்துக்கு இந்தப் பழைய படம் ஒண்டே காணும்."

நாகேந்திரம் இப்படிச் சொன்னதும், காணி உறுதிப் பத்திரம் எழுதும் கொட்டாஞ்சேனை நொத்தாரிசு சிறில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். வெள்ளவத்தை வீட்டில் பாதிப் பங்கை ஒரு காகிதத்துக்காக விடுகிற காணி புரோக்கரை அவர் தன் காலத்தில் கண்டதில்லை. அக்கா ஜெகதீஸ்வரிக்கோ கண் கலங்கிவிட்டது.

கலங்கட்டும், நல்லாய்க் கலங்கட்டும்! நாகேந்திரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அலுமாரியைக் கிளறியபோது அகப்பட்ட வரைபடம் அது. வெள்ளைக்காரன் காலத்தது. தலைப்பையும் வடக்குக் காட்டும் மூலையையும் பூச்சி தின்றிருந்தது. மிச்சத்தில் கொழும்பு என்று ஆங்கிலத்தில் ஒரு பெயரும், நடுவே நெளிந்தோடும் கரைக்கோடும் தெரிந்தன. கோட்டுக்கு ஒரு பக்கம் அநேகமாக வெறுமை. மறுபக்கம் முழுக்க இலக்கங்கள்: ஐந்து, ஆறு, ஏழரை, கரையை விட்டு விலக விலக ஒன்பது, பத்து.

இருபது வருசம் காணி பிளானோடு மாரடித்தவனுக்கு இதைச் சொல்லித் தரவேணுமா? வெறுமையாய் விட்டால் கடல். இலக்கம் போட்டால் காணி அளக்கிற பேர்ச் கணக்கு. அந்த இலக்கங்களுக்கு நடுவில் சிவப்பு மையால் ஒரு வட்டம், பக்கத்தில் தமிழில் பூட்டன் சின்னத்தம்பியரின் பெயர். துறைமுகத்தடியில் பூட்டனுக்குக் காணி! வெள்ளவத்தை வீடெல்லாம் அதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

"வடிவா யோசிச்சுப் பாரும். கையெழுத்து வைச்சாப் பிறகு திருப்ப ஏலாது," என்றார் சிறில்.

"எனக்கு மண்ணாசை இல்லை, ஐயா."

பட்டினத்தில் இருக்கிற அத்தனை சாமியாரையும் தோற்கடிக்கும் முகத்தோடு ஒப்பம் வைத்தான். அக்காவும் வைத்தாள். வீடு அவளுக்கு, படம் அவனுக்கு என்று உறுதி முடிந்தது.

இனி என்ன பயம்? சந்தோசம் தாங்க முடியாமல் படத்தை மேசையில் விரித்தான்.

"அக்கா, பிறகு கோவிக்கக்கூடாது. வட்டம் போட்ட இந்த இடம் முழுக்க இனி எனக்குத்தான். சிறில் ஐயா சாட்சி."

"எடுத்துக்கொள்ளடா, ஆர் போட்டிக்கு வரப்போயினம்?" ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா அந்த இடத்தைப்பற்றி எனக்கு மட்டும்தான் சொன்னவர் எண்டு நினைச்சிருந்தன். உனக்கும் சொன்னவரே?"

"எதை?"

"அந்த நம்பரெல்லாம் கடலின்ர ஆழம், வட்டம் போட்ட இடத்திலதான் பூட்டன்ர கப்பல் மூழ்கினது எண்டு."