முப்பத்தேழு புள்ளி நாலு பேர்

"அந்தப் புள்ளி நாலு பேர் யாரும்மா?" என்று கேட்டார் நிதித்துறை அதிகாரி. "முப்பத்தேழு பேரைக் காப்பாத்தினீங்க, சரி. இந்தப் புள்ளி நாலுக்குக் கை இருக்கா, கால் இருக்கா?"

எதிரே இருந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மக்கள்தொகை ஆய்வுப் பிரிவின் தலைவி அவர். கணக்கம்மா என்றால்தான் அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"எதிர்பார்த்த சாவுல நடந்த சாவைக் கழிச்சா, கணக்கு அப்படித்தான் சார் வரும். போன கோடையில வெயில் தாங்காம செத்திருக்க வேண்டியவங்க, சாகாம இருக்காங்க. அவ்வளவுதான்."

அதிகாரிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: கத்தரி. முழுசாய் அவர் மேசைக்குப் போகிற எந்தத் திட்டமும் பாதியாய்த்தான் திரும்பும். அனல் நாள்களில் ஆபத்திலிருப்பவர்களைப் போனில் கூப்பிட்டு விசாரிக்கும் வெயில் எச்சரிக்கைத் திட்டத்தை இன்று இழுத்து மூடிவிடலாம் என்ற நினைப்போடுதான் வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் திட்டம் தொடரும். போடாவிட்டால் இந்தக் கோடை பாதியிலேயே எல்லாம் நின்றுபோகும்.

அறையில் அனல் பறந்தது. ஏசி எல்லாம் பக்கத்து அறைக் கம்ப்யூட்டர்களுக்குத்தான். மனிதர்களுக்கு ஒரு மின்விசிறி, அதுவும் ஏனோதானோவென்று சுற்றியது.

"அப்படி என்னதான் கண்டுபிடிச்சீங்க? வெயில்ல வயசானவங்க சாவாங்க. இதைச் சொல்ல ஒரு ஆபீஸ் வேணுமா?"

"நாங்களும் வயசுதான் காரணம்னு நெனச்சோம் சார்." கணக்கம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாடு முழுக்க ஒவ்வொருத்தரோட விவரத்தையும் எடுத்தோம். பேரை நீக்கிட்டு வெறும் எண்ணாத்தான் எங்ககிட்ட வரும். யார் எந்த மாடியில இருக்காங்க, வீட்ல எத்தனை பேரு, எப்ப ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க, எப்ப செத்தாங்க. அதோட ஒவ்வொரு நாள் வெயிலையும் சேர்த்துப் பார்த்தோம். எண்பது வயசுல புருஷன் பொண்டாட்டியா இருக்கறவங்க தப்பிச்சுக்கறாங்க. அறுபது வயசுல துணை போய், மொட்டை மாடிக்குக் கீழ தனியா இருக்கறவங்க போயிடறாங்க. அதுலயும் துணை போன முதல் வருஷம்தான் கண்டம்."

"ஏன்?"

"'உனக்கு முகமெல்லாம் வாடிப்போச்சு, எழுந்து தண்ணி குடி'ன்னு சொல்ல ஆளில்லையே சார். தன் உடம்பு தனக்கே தெரியறதில்லை. ஒரு வயித்துக்கு எதுக்கு அடுப்புன்னு மதியம் சமைக்கறதில்லை. திருட்டுப் பயத்துல ஜன்னலைத் திறக்கறதில்லை. பிள்ளைங்க போன் பண்ணா, நல்லா இருக்கேன்னு ஒரே வார்த்தை."

கத்தரி பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருஷமாய் எத்தனையோ பேர் அவர் முன்னால் எண்களை வாசித்திருக்கிறார்கள். எண்ணுக்குள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதரை இப்படி ஒருத்தரும் எடுத்துக் காட்டியதில்லை. அந்த அம்மாள்மேல் மரியாதை வந்ததை அவரால் மறைக்க முடியவில்லை.

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட எப்படித்தான் வாதாடி ஜெயிக்கறாரோ?"

"அவர் என்கிட்ட வாதாடறதே இல்லை சார்" என்று சிரித்தார் கணக்கம்மா.

"விவரமான மனுஷர்." கத்தரி கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். ஆனாலும் பழகின புத்தி விடவில்லை. "இதோ பாருங்கம்மா, மேலிடத்துல என்னைக் குடைவாங்க. முப்பத்தேழு வேணாம், ஒரே ஒருத்தரைக் காட்டுங்க. இவருக்குப் போன் போச்சு, இவர் பிழைச்சார்னு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"முடியாது சார்."

"ஏன்? எண்ணை வச்சுப் பேரைத் தேட உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். தேட மாட்டேன். பேரைத் தேட மாட்டோம்னு நம்பித்தான் சனங்க தங்களைப் பத்திச் சொல்றாங்க. போன் பண்ணச் சம்மதிச்சவங்க யாருன்னு எச்சரிக்கைப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். அவங்க எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க, நாங்களும் கேட்க மாட்டோம்."

"திட்டமே போயிடும்மா."

"போகட்டும் சார். அதுக்காக ஒருத்தரைக் கொண்டுவந்து உங்க முன்னால நிறுத்த மாட்டேன்." கணக்கம்மாவின் குரல் தணியவில்லை. "நீங்க மூடினா அடுத்த அனல் நாள்ல எத்தனை பேர் சாவாங்கன்னு வேணா எழுதித் தர்றேன்."

பிடிவாதத்தில் தனக்குச் சமமான ஒரு ஆளைக் கத்தரி ரொம்ப நாளைக்கப்புறம் பார்த்தார். கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது கணக்கம்மாவின் கைப்பேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். பேசிய பெண்ணின் கணீர்க் குரல் எதிர் நாற்காலி வரைக்கும் கேட்டது.

"வணக்கம்மா, வெயில் எச்சரிக்கைப் பிரிவுலேர்ந்து பேசறேன்."

இன்றைய நிலவரத்தைத் தலைவியிடம் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று கத்தரி கோப்பைப் புரட்டினார்.

"இன்னிக்கு அனல் ஜாஸ்தி. தண்ணி குடிச்சீங்களா? மதியம் சாப்பிட்டீங்களா? நேத்து மாதிரி பொய் சொல்லக் கூடாது."

கணக்கம்மா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இனிமேதான்மா" என்றார், ரகசியம் போல.

"மணி மூணாகுதும்மா. உங்க வீட்டுக்காரர் இருந்தா இப்படிப் பட்டினி கிடக்க விடுவாரா?"

கத்தரியின் கை பக்கத்தைப் புரட்டாமல் நின்றது. மெல்லப் பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

கணக்கம்மா அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவர் இருந்திருந்தா, நீ ஏம்மா என்னைக் கூப்பிடப் போறே?"