அவங்களே பார்க்கட்டும்

"நெரிஸ் இருக்காங்களா? என் எக்ஸ்ரேயை அவங்கதான் பார்த்துச் சொல்லணும்."

சீட்டை நீட்டிய எம்லினைப் பார்த்ததுமே டெலித்துக்கு யாரென்று தெரிந்துவிட்டது. வேல்ஸ் மலையடிவாரத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு.

போன வருஷம் இவர் மனைவி ஒல்வென் இருமலோடு வந்திருந்தாள். படம் எடுத்தது நெரிஸ். பார்த்து அறிக்கை எழுதியதும் நெரிஸ்தான். 'நுரையீரலில் குறை எதுவும் இல்லை.'

கழுத்தடியில் காறை எலும்புக்குப் பின்னால் மறைந்திருந்த புற்றுநோயின் நிழல் ஐந்து மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. ஒல்வென் பிழைக்கவில்லை.

"படம் எடுக்கிறவங்க எடுத்துட்டுப் போகட்டும். பார்த்துச் சொல்றது டாக்டர் வேலை" என்று ஊரே பேசியது. அதற்கென்றே இரண்டு வருஷம் படித்துத் தேறியவள் நெரிஸ் என்பது யார் காதிலும் ஏறவில்லை. விசாரணை முடிந்து, மறுபடி பயிற்சி எடுத்து, போன வாரம்தான் திரும்பவும் அறிக்கை எழுத உட்கார்ந்திருக்கிறாள்.

மனுஷர் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று டெலித் முடிவு கட்டினாள்.

"டாக்டரே பார்க்கட்டுமே சார். அனுப்பி வைக்கிறேன். மூணு வாரத்துல பதில் வந்துடும்."

"டாக்டர் வேண்டாம்மா."

"நெரிஸ் இன்னைக்கு லீவு."

"அப்ப அதோ நிக்கிறது யாரு, அவங்க தங்கச்சியா?"

டெலித் திரும்பினாள். கதவோரம் நெரிஸ் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள வாங்க" என்றாள் எம்லினிடம்.

படம் எடுத்து முடித்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. பெரிதாக்கிப் பார்த்தாள். அவருடைய பழைய படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

பின்னால் நின்ற டெலித், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

"எனக்குத் தெரியுது."

நெரிஸ் எழுந்துபோய் எம்லினுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வலது பக்கம் மேல ஒரு சின்னப் புள்ளி இருக்கு. பழைய படத்துல அது இல்லை. என்னன்னு இதை மட்டும் வச்சு என்னால சொல்ல முடியலை. ஸ்கேன் எடுக்கணும். இன்னைக்கே எடுக்கச் சொல்லிக் கேட்கப் போறேன்."

எம்லின் தொப்பியை மடியில் வைத்து விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"சீக்கிரமே பார்த்துட்டீங்க, இல்ல?"

"அப்படித்தான் நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு போன் பேசப் போனாள் நெரிஸ்.

டெலித்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. ஒரு தடவை தவறவிட்டவங்க கையிலயே எப்படி...?"

எம்லின் நிதானமாகச் சொன்னார்.

"ஒல்வென் போனப்புறம் இந்த ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு நாலு கடிதம் வந்துச்சும்மா. நாலுலயும் ஒரே வரி. 'தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்.' ஏதோ மழை பெஞ்ச மாதிரி, அதுவா நேர்ந்துடுச்சாம். இந்தப் பொண்ணு மட்டும்தான் வீடு தேடி வந்து, என் அடுப்படியில நின்னு, 'நான்தான் தவறவிட்டேன்'னு சொல்லிச்சு. இனிமே அது 'இருக்கு'ன்னு சொன்னாலும் நம்புவேன், 'இல்லை'ன்னு சொன்னாலும் நம்புவேன்."



அந்த நாலு கடிதத்திலும் இருந்தது டெலித்தின் கையெழுத்து. 'எதையும் ஒத்துக்காதே, அந்த வீட்டுப் பக்கமே போகாதே' என்று நெரிஸுக்குப் புத்தி சொன்னவளும் அவள்தான்.