எல்லாருக்கும் தாவணி

பள்ளிக்கூடத்துக்குள் போகும்போது குரலை இறக்கிக்கொண்டு போக வேண்டும் என்று சுப்புராயனின் அப்பா சொல்வார். ஏன் என்பதற்கும் ஏதோ ஒன்று சொல்வார். அது மறந்துவிட்டது. அதனால், கள்ளக்குறிச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் அந்த நடுநிலைப் பள்ளியின் வாசலிலேயே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"பெரிய சிஸ்டர் எங்க? இன்னிக்கு ரெண்டுல ஒன்னு தெரியணும்."

"நான்தான். உள்ள வந்து உக்காந்து கத்துங்க. வெயில் ஜாஸ்தி" என்றார் தலைமையாசிரியை.

உட்கார்ந்தான். உட்கார்ந்துகொண்டு கத்த வரவில்லை. எழுந்துவிட்டான்.

"எம்பொண்ணு அம்சவள்ளி இங்க ஏழாவது படிக்குது. நேத்து சாயங்காலம் தியாகதுருகம் பஸ்ல ஏறும்போது, தாவணி படியில மாட்டிக்கினு வுழுந்துட்டா. முட்டியெல்லாம் ரத்தம்."

"தெரியும். நான்தான் மருந்து போட்டு அனுப்பினேன்."

"மருந்த யாரு கேட்டா? ஊரு உலகத்துல எட்டாவது வரைக்கும் பாவாடை சட்டைதான். இங்க மட்டும் ஆறாவதுல சேர்ந்த அன்னிக்கே தாவணி. ஒவ்வொன்னும் எலிக்குஞ்சு மாதிரி இருக்குது, அதுங்களுக்கு எதுக்குங்க தாவணி? நீங்க தலையிலிருந்து கால் வரைக்கும் மூடிக்கினு இருக்கீங்கன்னா எங்க புள்ளைங்களையும் சாமியாராக்கணுமா?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். "சாமியாருக்கு யாருய்யா பச்சைத் தாவணி குடுக்கறாங்க?"

"சிரிக்காதீங்கம்மா. சின்னப் புள்ள அது!"

சின்னப் பிள்ளைதான். ஆளானதும் படிப்பை நிறுத்தி, அக்கா மகன் சின்னராசுக்குக் கட்டிவைப்பதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அது வேறு விஷயம்.

"சின்னப் புள்ளைதானே? நானும் அதையேதான் சொல்றேன்" என்றார் சிஸ்டர். சிரிப்பு போய்விட்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒரு கூட்டம் கிளித்தட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஒரே கூச்சல்.

"முன்ன இங்கயும் பாவாடை சட்டைதான். திடீர்னு ஒரு பொண்ணு கொஞ்ச நாள் லீவு போடும். திரும்பி வரப்போ தாவணியில வரும். கிளாஸே திரும்பிப் பாக்கும். வழியில டீக்கடை பெஞ்சும் பாக்கும். சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் அத்தை வருவாங்க, மாமன் வருவாரு, தாம்பூலத் தட்டு வரும். எட்டாவதுல போய்ப் பாத்தா பொண்ணுங்க பக்கம் பாதி பெஞ்சு காலி."

சுப்புராயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"வீடு வீடா போய்க் கெஞ்சினோம். யாரும் கேக்கல. அப்புறம்தான் எல்லாருக்கும் தாவணின்னு வெச்சோம்." சிஸ்டர் ஜன்னலைக் காட்டினார். "நீங்களே பாருங்க. இதுல யாரு ஆளானவ, யாரு ஆவாதவன்னு சொல்ல முடியுமா? எனக்கே தெரியாது. பெத்தவளுக்குத் தெரியும். அவ வாயைத் தொறந்தாத்தான் உண்டு."

வரும்போது இருந்த வேகம் திரும்பும்போது இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தான்.

உள்ளூர்ப் பள்ளிக்கூடமே போதும் என்று அவன் சொன்னபோது, சிஸ்டருங்க பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்று சோறாக்காமல் படுத்துக் கிடந்தவள் அவன் மனைவி ஆண்டாள். இந்த ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று, பெண்ணுக்குக் காய்ச்சல் என்று கோயிலுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டவளும் அவள்தான். அவன் தொட்டுப் பார்த்தான். உடம்பு சுடவே இல்லை.

அன்று அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் ஆண்டாள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப?" என்றான்.

எது என்று அவள் கேட்கவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பங்குனியில."

"எங்கிட்ட கூடவா மறைப்ப?"

"உங்ககிட்ட சொன்னா உங்கக்காகிட்ட சொல்லுவீங்க. மொதத் தண்ணி ஊத்த வேண்டிய அத்தை அவங்க. வுடுவாங்களா? கையோட தேதி குறிச்சிட்டுத்தான் போவாங்க. இது எட்டாவது முடிக்கணும்னு ராவெல்லாம் அழுவுது." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தீட்டோட அதை அடுப்பாண்ட வுட்டுக்கினு நான் படற பயம் எனக்குத்தான் தெரியும். சாமி எதுனா செய்யறதா இருந்தா என்னியச் செய்யட்டும். அதைச் செய்ய வாணாம்."

சுப்புராயன் எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கை மல்லாட்டையை அள்ளி உரிக்க ஆரம்பித்தான். கடலை ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமும் போட வேண்டும். மாற்றி மாற்றிப் போட்டான். ஆண்டாள் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காசியம்மாள் வந்தாள், அவன் அக்கா. ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"இன்னாடா தம்பி, சின்னராசுக்கு வேற எடத்துல இருந்து கேட்டுக்கினே இருக்காங்க. நம்ம வூட்டுப் பொண்ணு இருக்குதேன்னு நானும் தட்டிக் கழிச்சிக்கினு வரேன். ஆளாயிட்டாளா, இல்லியா? எப்பப் பாத்தாலும் அந்தப் பள்ளிக்கூடத்துத் தாவணியிலயே சுத்தறா. கண்ணு ரெண்டும் நோவப் பாத்தாலும் ஒன்னும் புரிய மாட்டேங்குது போ!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

காசியம்மாள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லக்கா" என்றான் சுப்புராயன்.