குறுக்கே நின்ற படிகம்

பனிமலையின் அடியில் கிடந்த பனிப் படிகங்களை மேலிருந்த பெரிய பனிப்பாளம் ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தது. பாரம் தாங்காமல் அவை ஒவ்வொன்றாக ஒரே பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டன. ஒன்று மட்டும் குறுக்கே நின்றது.

"நீயும் படுத்துடு அண்ணே. சீட்டுக்கட்டு மாதிரி சுகமா வழுக்கிக்கிட்டுப் போகலாம்," என்றது பக்கத்துப் படிகம்.

"எங்கே?"

"கடலுக்கு."

"அங்கே போனா?"

"கரைஞ்சிடுவோம்."

"அட மானங்கெட்டவனே! கரையறதுக்கா இத்தனை அவசரம்?"

பாளம் குரலைத் தணித்துக்கொண்டு, "முழுசா வேண்டாம்ப்பா, பாதி சாய். அது போதும்," என்றது.

"இன்னைக்குப் பாதி கேட்பே. நாளைக்கு மீதியைக் கேட்காமலே எடுத்துக்குவே. வேற ஆளைப் பாரு."

பாளத்துக்குக் கோபம் தலைக்கேறியது. தன் பாரம் மொத்தத்தையும் அதன் தலையில் இறக்கியது. மடாரென்று சத்தம் கேட்டது. படிகம் இரண்டாக உடைந்தது.

"இப்போ என்ன சொல்றே?" என்று இளித்தது பாளம்.

"யாரைக் கேட்கிறே?" என்றன இரண்டு துண்டுகளும், குறுக்கே நின்றபடியே. "இனிமே எங்க ரெண்டு பேர்கிட்டேயும் தனித்தனியாப் பேசணும்."