கால வரம்பு

வழக்கறிஞர் தேர்வில் ஒப்பந்தத்தைத் திருத்தும் கேள்வி ஒன்று கட்டாயம் வரும். வீட்டிலிருக்கும் ஏதாவதொரு ஒப்பந்தத்தைப் பிரதி எடுத்து, வேண்டாத சொற்களை நீக்கிப் பழகச் சொன்னார் எங்கள் ஆசிரியர். நானும் ரிஹாபும் அம்மான் நகரில் ஒரே வீட்டில் தங்கிப் படித்தோம். நான் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டேன். அவள் தன் நிக்காஹ் ஒப்பந்தத்தை எடுத்தாள். அவள் கணவர் கஸ்ஸான் போன வருஷம் இறந்துவிட்டார்.

அதில் மணப்பெண்ணாக அவள் கேட்டிருந்த நிபந்தனையைக் காஜி சிரித்துக்கொண்டே எழுதினாராம்: 'கணவர் தன் ஆயுள் உள்ளவரை தினமும் காலையில் மனைவிக்கு மரமிய்யா இலை போட்டுத் தேநீர் தர வேண்டும்.'

"ஆயுள் உள்ளவரைன்னு எதுக்குடி? செத்தப்புறம் வந்தா போடப்போறாரு?" என்று ரிஹாப் பிரதியில் அந்தச் சொற்களை அடித்தாள்.

மறுநாள் காலை மேசையில் ஒரு குவளைத் தேநீர் இருந்தது. நான் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கும் ஒன்று போட்டிருப்பேன்.

ரிஹாப் ஒரு வாய் குடித்தாள். "சர்க்கரை அதிகம். எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

அதன்பின் தினமும் தேநீர் வந்தது, சர்க்கரை குறையவே இல்லை.

அடுத்த வாரம், ரிஹாப் ஆசிரியரிடம் கொடுத்திருந்த பிரதி திரும்பி வந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இந்தக் கடமைக்குக் கால வரம்பு இல்லை. முடிவுத் தேதி போடாவிட்டால் மதிப்பெண் கிடையாது.'

காலையில் ரிஹாப் பேனாவைத் திறந்தாள்.

"போட்டுரவா?" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

உள்ளே சர்க்கரை கலக்கும் கரண்டிச் சத்தம் நின்றது.

அவள் பேனாவை மூடினாள். "மார்க் போனா போகட்டும்."

சத்தம் மறுபடி தொடங்கியது.