சாவில்லாத மாவட்டம்

காரில் வந்த காப்பீட்டு நிறுவனத்தார் வழிநெடுகச் சுவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கேயும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட இல்லை.

மாவட்ட முதலீட்டு அதிகாரி சங்கரபாண்டியனுக்குப் பெருமை பிடிபடவில்லை. சாவு குறைந்த இடத்தில்தான் கடை விரிப்போம் என்ற ஆறு நிறுவனங்களை இங்கே இழுத்து வந்தவர் அவர்தான். மறுநாள் சாகப்போகிறவர்களின் பட்டியலைக் கணினி தினமும் காலையில் தந்துவிடும். இருட்டுவதற்குள் வெள்ளை வேன் அவர்களை மாவட்ட எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அதுவும் அவர் யோசனைதான்.

ஏழாவது நிறுவனமும் கையெழுத்துப் போட்டது. இனிப்புப் பெட்டியோடு சாயங்காலம் வீடு திரும்பியவர், வாசலில் அந்த வேனைப் பார்த்துப் பதறிப்போனார்.

"யாருக்கு செண்பகம்? உனக்கா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவர்தான் பணிவாகக் கதவைத் திறந்துவிட்டான்.

"நாளைக்கு மத்தியானம்னு வந்திருக்கு சார். ஏறிக்கிடுங்க."

"எனக்கு ஒண்ணுமே இல்லையேப்பா! நல்லாத்தான இருக்கேன்?"

செண்பகம் ஒரு பையை அவர் கையில் கொடுத்தாள். அதில் கனமே இல்லை.

"ரெண்டு செட் துணி எடுத்து வச்சேன். ஒண்ணே போதும்னு வேன்காரர் திருப்பித் தந்துட்டாருங்க."